கையால் இழுக்கும் நூடுல்ஸ்: மாவு ஏன் அறுவதில்லை?

ஒரு முழத்துக்கும் குறைவான மாவுத் திரி. சமையல்காரர் அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக் கைகளை அகல விரிக்கிறார். திரி நீள்கிறது. இரண்டு முனைகளையும் இடது கையில் சேர்த்துக்கொண்டு, தொங்கும் நடுப்பகுதிக்குள் வலது கை விரலைக் கோத்து மறுபடி இழுக்கிறார். இப்போது இரண்டு இழை. மறுபடி மடிப்பு, மறுபடி இழுப்பு: நான்கு. அப்புறம் எட்டு, பதினாறு. நடுவில் பலகையில் ‘தப்’ என்று ஓர் அடி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நூல்கண்டைப் பிரித்துவிட்டது போன்ற ஒரு கொத்து கொதிக்கிற தண்ணீரில் விழுகிறது. கத்தி கிடையாது, அச்சு கிடையாது, இயந்திரம் கிடையாது.

இதை முதல்முறை பார்க்கிறவர்களின் கண் அந்தக் கைகளை விட்டு நகராது. நானும் அப்படித்தான் பார்த்தேன். வேகமாக இழுக்கப் பழகினால் போதும் என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் மைதாவைப் பிசைந்து உடனே இழுத்தும் பார்த்தேன். இரண்டாவது மடிப்பிலேயே அறுந்தது. மறுபடி உருட்டி இழுத்தால் ரப்பர் மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் புரிந்தது, நாம் பார்த்து வியக்கும் இழுப்பு கடைசி ஒரு நிமிட வேலை. மாவை அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குத்தான் பல மணி நேரமும் பல வருடப் பழக்கமும் போகின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மாவைப் பற்றியது.

முதலில் பெயர். சீன மொழியில் இதை ‘லாமியன்’ என்கிறார்கள். ‘லா’ என்றால் இழு. ‘மியன்’ என்றால் கோதுமை மாவு, அந்த மாவில் செய்த நூடுல்ஸ், இரண்டும்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர்கள் ‘மீ’ என்று சொல்லிச் சாப்பிடுகிறார்களே, அது இதே மியன் என்ற சொல்லின் ஹொக்கியன் உச்சரிப்பு. ஜப்பானியர்களின் ‘ராமென்’ என்ற பெயரும் லாமியனிலிருந்து வந்தது என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் இன்றைய ராமென் இழுக்கப்படுவதில்லை, தேய்த்து நறுக்கப்படுகிறது. மேற்கே போனால் உய்குர் மக்களும் மத்திய ஆசியாவில் பலரும் சாப்பிடும் ‘லக்மான்’ உண்டு. அது பெயரிலும் உறவு, செய்முறையிலும் உறவு.

மாவை இழையாக்க உலகத்தில் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. தேய்த்து நறுக்கலாம். ஓட்டை வழியாகப் பிழியலாம். இழுக்கலாம். நறுக்கவும் பிழியவும் ஏறக்குறைய எந்த மாவையும் பக்குவப்படுத்திவிடலாம். நம் இடியாப்பம் அப்படித்தான், அரிசி மாவை வெந்நீர் ஊற்றிப் பிசைந்து உரலில் போட்டுப் பிழிகிறோம். அந்த மாவை உருட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், ஒரு விரற்கடை நீளுமுன் துண்டாகிவிடும். இழுப்பதற்கு மட்டும் கோதுமை வேண்டும். காரணம் குளூட்டன்.

கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. உலர்ந்த மாவில் இவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு வலையாகின்றன. அந்த வலையின் பெயர்தான் குளூட்டன். சின்ன உருண்டை மைதாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து வெள்ளையாகக் கரைந்து போய்விடும். கடைசியில் கையில் மிஞ்சுவது சூயிங்கம் போல இழுபடும் ஒரு பசை. கண்ணால் பார்க்கக்கூடிய குளூட்டன் அது.

இரண்டு புரதங்களுக்கும் இரண்டு குணம். குளூட்டெனின் ரப்பர் மாதிரி, இழுத்தால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கிளையடின் பாகு மாதிரி, இழுத்த இழுப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். லாமியன் மாவுக்கு இரண்டுமே வேண்டும். ரப்பர் குணம் அதிகமானால் கையை விட்டதும் சுருங்கும். பாகு குணம் அதிகமானால் தன் எடை தாங்காமல் தொங்கி அறும். நான் வீட்டில் பார்த்த இரண்டு தோல்விகளையும் இந்த ஒரே கணக்கால் விளக்கிவிடலாம்: பிணைப்பு போதாத மாவு அறுந்தது, அதையே கசக்கி உருட்டியபின் வலை இறுகிப்போய்ச் சுருங்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாவைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் இனி வரும் எல்லா வேலையும்.

லாமியனுக்குப் பேர்போன ஊர் லான்ஜோ. சீனாவின் வடமேற்கில், கான்சு மாகாணத்தின் தலைநகர், மஞ்சள் ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே மாவு பிசைவதைப் பற்றி ஒரு பழைய வாய்ப்பாடு சொல்வார்கள்: மூன்று முறை தண்ணீர், மூன்று முறை சாம்பல், ஒன்பது ஒன்பது எண்பத்தொரு முறை பிசைதல். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் தெளித்துத் தெளித்துச் சேர்ப்பார்கள். மாவு முதலில் உதிரியாகி, பிறகு ஒன்றுகூடி, பிறகு முஷ்டியால் குத்திக் குத்தி மிருதுவாகிறது. எண்பத்தொன்று என்பதை எண்ணிச் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ‘அலுக்காமல் பிசை’ என்பதற்கு அது ஒரு சொல்வழக்கு.

சாம்பல் என்று சொன்னேன் அல்லவா, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வடமேற்குச் சீனாவின் வறண்ட உவர் நிலங்களில் ஒரு புதர்ச்செடி வளர்கிறது. அதை எரித்தால் கிடைக்கும் கட்டிச் சாம்பலுக்கு ‘பெங்ஹுய்’ என்று பெயர். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சித் தெளியவைத்து, அந்தத் தெளிவை மாவில் சேர்ப்பார்கள். அதில் பெரும்பங்கு பொட்டாசியம் கார்பனேட், அதாவது காரம். மிளகாய்க் காரம் அல்ல, பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படித்தோமே, அந்தக் காரம். நம் வீடுகளில் அப்பள மாவில் சேர்க்கிற அப்பளக்காரமும் இதே குடும்பம்தான். மாவில் காரத்தன்மை ஏறினால் குளூட்டன் வலை உறுதியாகிறது, வெந்த நூடுல்ஸ் சூடான சாற்றில் கிடந்தாலும் சீக்கிரம் குழைவதில்லை, கடிக்கும்போது ஒரு துள்ளல் கிடைக்கிறது. நிறமும் மாறும். கோதுமையில் இயற்கையாகவே உள்ள சில நிறமிகள் காரம் பட்டால் மஞ்சளாகும். முட்டையே சேர்க்காத நூடுல்ஸ் இளமஞ்சளாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். இன்று அநேகக் கடைகளில் செடிச் சாம்பலுக்குப் பதிலாக, தொழிற்சாலையில் தயாராகும் பொடியைத்தான் சேர்க்கிறார்கள். உப்பும் உண்டு. அதன் வேலை சுவையோடு முடிவதில்லை, குளூட்டனை இறுக்கிப்பிடிக்கவும் அது வேண்டும்.

பிசைந்தாயிற்று. இப்போது மாவை மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த சொல் இந்த இடத்தில்தான் வருகிறது. நாம் மாவை ‘ஊற வைக்கிறோம்’ என்போம். சீனர்கள் ‘ஷிங்மியன்’ என்கிறார்கள். ஷிங் என்றால் விழித்தெழுதல். மாவு அசையாமல் கிடக்கும் அந்த நேரத்தை, மாவு விழித்துக்கொள்ளும் நேரம் என்கிறார்கள். நடப்பதைப் பார்த்தால் சரியான சொல்தான். பிசையும்போது வலை விறைப்பாக இழுத்துக் கட்டப்படுகிறது. சும்மா விட்டால், தண்ணீர் மாவின் உள்வரைக்கும் பரவுகிறது, விறைத்த பிணைப்புகள் மெல்ல அவிழ்ந்து வசதியான இடத்தில் மறுபடி சேர்கின்றன. அரை மணி நேரம் கழித்து அதே மாவைத் தொட்டால் வேறு மாவு போல இருக்கும். முதலில் விரலை எதிர்த்து நின்றது இப்போது விரலோடு வருகிறது. பரோட்டா மாஸ்டர்கள் உருண்டைகளை எண்ணெயில் மணிக்கணக்கில் போட்டு வைப்பதும் இதற்காகத்தான். ஊறாத மாவை வீசினால் கிழிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கட்டம் ‘லியூதியாவ்’. வெளியிலிருந்து பார்க்க இழுப்பது போலவே இருக்கும், ஆனால் இது இன்னும் நூடுல்ஸ் ஆக்கும் வேலை இல்லை. பெரிய மாவுத் தண்டை இரண்டு முனைகளிலும் பிடித்துத் தூக்கி, பலகையில் அறைந்து நீட்டுவார்கள். மேலே தூக்கும்போது முனைகளை ஒன்றுசேர்த்தால் தண்டு தன் எடையிலேயே முறுக்கிக்கொள்ளும், கயிறு திரிப்பது போல. அதை மறுபடி நீட்டி, மறுபடி மடித்து, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக முறுக்கி, இப்படியே திரும்பத் திரும்ப. தலைமுடியைச் சிக்கெடுத்துச் சீவாமல் பின்னல் போட முடியுமா? அந்தச் சீவல்தான் இது. பிசைந்த மாவில் குளூட்டன் இழைகள் எல்லாத் திசையிலும் கலைந்து கிடக்கும். லியூதியாவ் அவற்றை நீளவாக்கில் ஒரே திசைக்குத் திருப்புகிறது. ஒழுங்காகச் செய்த மாவில் தடித்த இடம், மெலிந்த இடம் என்று இருக்காது. எங்கே பிடித்தாலும் ஒரே இறுக்கம். மெலிந்த இடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் இழுக்கும்போது அங்கேதான் முதலில் அறும். என்னைக் கேட்டால், பழகியவரையும் புதியவரையும் பிரித்துக் காட்டுவது கடைசி இழுப்பைவிட இந்தக் கட்டம்தான்.

இதன்பிறகு தண்டைச் சிறு சிறு துண்டங்களாக்கி எண்ணெய் தடவி வைத்துக்கொள்வார்கள். ஒரு துண்டம் ஒரு கிண்ணத்துக்கு.

சரி, இழுப்புக்கு வருவோம். இதன் கணக்கு எளிமையானது, ஆனால் ஆச்சரியம் தரக்கூடியது. ஒவ்வொரு மடிப்புக்கும் இழைகள் இரட்டிப்பாகும். 2, 4, 8, 16, 32, 64, 128, 256. எட்டே மடிப்பில் 256. கை விரிப்பு எப்போதும் ஒரே அளவுதான், மாவும் அதே மாவுதான். அப்படியென்றால் இழை கூடக்கூட மெலிந்தே ஆக வேண்டும். எவ்வளவு மெலியும்? இரண்டு மடிப்புக்கு ஒருமுறை தடிமன் சரிபாதியாகும். ஒரு கிண்ணத்துக்கான மாவை முதல் இழுப்பில் 120 சென்டிமீட்டர் நீட்டினால், ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள திரி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மடிப்பு முடிந்ததும் அது 4 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். ஆறாவதில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டாவதில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 256 இழைகளையும் முனையோடு முனை சேர்த்தால் 300 மீட்டருக்கு மேல் வரும். கைப்பிடியில் சிக்கி வீணாகும் முனைகளைக் கழித்தாலும், ஒரு கிண்ணத்துக்குள் அவ்வளவு நீளம் இருக்கிறது.

இரட்டிப்பு எங்கே வரைக்கும் போகும்? 1994-ல் சிங்கப்பூரில் ஒரு சமையல் கலைஞர் ஒரு நிமிடத்துக்குள் 8,192 இழைகள் இழுத்துக் கின்னஸ் சாதனை படைத்தார். மடிப்பில் கணக்கிட்டால் அது வெறும் 13. அன்றாடம் சாப்பிடும் நூடுல்ஸுக்கு அது தேவையில்லை. வாயில் போட்டால் கரைகிற அளவுக்கு மெல்லிய ‘டிராகன் தாடி’ என்ற வகை உண்டு. அதைப் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்துத்தான் சாப்பிடுவார்கள்.

கையின் வேலையையும் சொல்லியாக வேண்டும். இழுக்கும்போது விரல்கள் இழைகளை நசுக்கக் கூடாது, முனையை மட்டும் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய்ப் பூச்சோ உலர்ந்த மாவோ வேண்டும். நடுப்பகுதியைப் பலகையில் அடிப்பது வேடிக்கைக்காகச் செய்வது போலத் தோன்றும். எல்லா இழைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுவிசை போய்ச்சேர அது உதவுகிறது. கடைசியில் கையோடு ஒட்டியிருக்கும் தடித்த முனையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியைக் கொதிநீருக்குள் வீசுவார்கள். மெல்லிய வகைகள் கொதிநீரில் ஒரு நிமிடம்போல இருந்தாலே வெந்துவிடும்.

லான்ஜோவில் ஒரு கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, எந்தத் தடிமன் என்பதுதான். முடி போல மெல்லியது ‘மாவ்ஷி’. அதைவிடத் தடித்தவை ‘ஷி’, ‘அர்ஷி’ என்று படிப்படியாகப் போகும். பட்டையாக வேண்டுமென்றால் சீன வெங்காயத் தாளின் அகலத்தில் ‘ஜியூயே’, இன்னும் அகலமாக ‘குவான்’, பெல்ட் போன்ற ‘தாகுவான்’. முக்கோண விளிம்புள்ள ஒரு வகைக்கு, பக்வீட் தானியத்தின் மூன்று விளிம்புகளை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். உருண்டை இழையும் பட்டை இழையும் ஒரே மாவிலிருந்து எப்படி வருகின்றன என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். விடை எளிது. இழுப்பதற்குமுன் துண்டம் என்ன வடிவில் இருக்கிறதோ, அதே வடிவம்தான் சிறிதாகிக்கொண்டே போகும். உருட்டி இழுத்தால் உருண்டை. உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டு இழுத்தால் பட்டை. மூன்று முகமாகப் பிடித்துவிட்டு இழுத்தால் முக்கோணம். இழுப்பு அளவைத்தான் மாற்றும், வடிவத்தைத் தொடாது.

லான்ஜோக்காரர்கள் இதை ‘லான்ஜோ லாமியன்’ என்று சொல்வதில்லை. ‘மாட்டிறைச்சி மியன்’ என்பார்கள், செல்லமாக ‘நியூதா’. பெரும்பாலும் காலை உணவு. அங்குள்ள ஹுய் முஸ்லிம் சமூகத்தின் கைப்பக்குவம் இது, அதனால் ஹலால் உணவு. 1915-ல் மா பாவ்ஸி என்ற ஹுய் வணிகர் காவடித் தண்டில் சுமந்து தெருத்தெருவாக விற்றதிலிருந்துதான் இது பரவியது என்பது ஊரில் வழங்கும் வரலாறு. நல்ல கிண்ணத்துக்கு ஐந்து அடையாளம் சொல்வார்கள்: சாறு தெளிவு, முள்ளங்கி வெள்ளை, மிளகாய் எண்ணெய் சிவப்பு, கொத்தமல்லியும் பூண்டுத் தாளும் பச்சை, நூடுல்ஸ் மஞ்சள். 2021-ல் சீன அரசு இந்தச் செய்முறையை நாட்டின் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது. சீனாவின் மற்ற ஊர்களில் ‘லான்ஜோ லாமியன்’ என்று பலகை மாட்டிய கடைகள் ஏராளம். அவற்றில் பலவற்றை நடத்துகிறவர்கள் லான்ஜோக்காரர்களே அல்லர், பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலாங் பகுதியிலிருந்து பிழைப்புக்காகப் புறப்பட்டுப் போனவர்கள். ஒரு ஏழை மலைப்பகுதி மக்களுக்கு இந்தக் கைத்தொழில் வாழ்க்கை கொடுத்திருக்கிறது.

இழுக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்று கேட்டால், 1504-ல் எழுதப்பட்ட ஒரு சீன உணவு நூலில் மாவை இழுத்து நூடுல்ஸ் செய்யும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைவிட மிகப் பழைய ஒரு கிண்ணத்தை. சிங்ஹாய் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில் லாஜியா என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தைத் தூக்கியபோது அதனடியில் மெல்லிய மஞ்சள் இழைகள் இருந்தன. நூடுல்ஸ்! வயது சுமார் 4,000 ஆண்டுகள். ஆய்வு முடிவு 2005-ல் வெளியானது. சோதித்துப் பார்த்ததில் அது கோதுமை இல்லை, தினையும் பனிவரகும். இங்கே நீங்கள் படித்ததை வைத்தே ஒரு கேள்வி எழுப்பலாம்: தினையில் குளூட்டன் கிடையாதே, அதை எப்படி இழுத்திருப்பார்கள்? அறிஞர்களும் இதையே கேட்டார்கள். பின்னாளில் அதே ஆய்வாளர்கள், அந்த இழைகள் பிழிந்து செய்யப்பட்டிருக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அதாவது அந்தக் கிண்ணத்தில் இருந்தது லாமியனைவிட நம் இடியாப்பத்துக்கே நெருக்கமானதாக இருக்கலாம். ‘4,000 ஆண்டு பழைய லாமியன்’ என்று எங்காவது படித்தால் கொஞ்சம் நிதானித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, மடித்து இரட்டிப்பாக்கும் முறையை முதல்நாளே தொட வேண்டாம் என்பேன். ஒவ்வொரு திரியையும் தனித்தனியாக இழுக்கும் முறை இருக்கிறது. லக்மான் செய்வது ஏறக்குறைய அப்படித்தான். அரைக் கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 260 மில்லி தண்ணீர். முழுக் கோதுமை மாவு, அதாவது ஆட்டா வேண்டாம். அதிலுள்ள தவிடு குளூட்டன் இழைகளை அங்கங்கே அறுத்துவிடும். கால் மணி நேரம் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி இரண்டு நிமிடம் பிசைந்தால் மாவு வழவழப்பாகியிருக்கும். தட்டையாக்கி, விரல் தடிமனில் திரிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, தட்டில் அடுக்கி மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த இரண்டு மணி நேரத்தைக் குறைக்க ஆசை வரும், குறைக்காதீர்கள்.

பிறகு ஒரு திரியை எடுத்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி மெதுவாக நீவி இழுங்கள். சரியாக ஊறியிருந்தால் கை போன வேகத்துக்கு அதுவும் வரும். எங்காவது சுருங்கினால் அடம்பிடிக்காமல் அதை வைத்துவிட்டு அடுத்த திரியை எடுங்கள், பத்து நிமிடத்தில் முதல் திரி மறுபடி இணங்கி வந்திருக்கும். எனக்கு இப்படிச் செய்தபோதுதான் முதல்முறையாக ஒரு திரி அறாமல் இரண்டு கை அகலத்துக்கு வந்தது. தண்ணீர் முன்கூட்டியே கொதித்துக்கொண்டிருக்கட்டும், இழுத்ததும் நேராக அதில் போய் விழ வேண்டும். அறுந்துபோன திரிகளையும் எறியாதீர்கள். தட்டையாகத் தேய்த்துக் கத்தியால் நறுக்கி அதே தண்ணீரில் போடுங்கள், நன்றாகவே வேகும்.